பழைய தல்வார் வாளின் கைப்பிடி பழுது பார்க்கப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தல்வார் என்பது முகலாயர் காலத்தில் வட இந்தியாவில் பரவலாகப் புழங்கிய வளைந்த வாள். அதன் இரும்புக் கைப்பிடி உள்ளே வெறும் கூடு. அலகின் வால்பகுதியை அதற்குள் செருகி, உருக்கிய அரக்கு அல்லது குங்கிலியம் போன்ற பிசினை ஊற்றி இறுக்குவார்கள், பெரும்பாலும் ஆணி கிடையாது. நம் ஊர் நகையில் உள்கூட்டில் அரக்கு அடைப்பார்களே, அதே வேலைதான். காலப்போக்கில் பிசின் காய்ந்து நொறுங்கும், அப்போது பிடி ஆடும்.

முதலில் அலகும் பிடியும் சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுத்த, நொறுங்கும் பிசின் என்றால் பழைய முறை. பளபளவென்று பிளாஸ்டிக் போல எபாக்ஸி என்ற இக்காலச் செயற்கைப் பசை தெரிந்தால் சமீபத்தில் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம் மேலே உள்ள தட்டு வடிவ மூடி, விரலைக் காக்கும் வளைவு, இரண்டிலும் வெல்டிங் தடமோ அரம் ராவிய புதுக் கீறலோ இருக்கிறதா என்று தேடுங்கள். வளைவு உடைந்துபோனால் மிச்சத்தை ராவி மழுப்பிவிடுவார்கள், ஆனால் அந்த வளைவே இல்லாமல் செய்த தல்வார்களும் ஏராளம், அவசரப்படாதீர்கள். தங்க வேலைப்பாடு இருந்தால் தேய்ந்த இடத்தைத்தான் நான் நம்புவேன்: இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறித் தங்கக் கம்பியை அடித்துப் பதிப்பதால், தங்கம் போன இடத்தில் அந்த மெல்லிய கீறல்கள் தெரிய வேண்டும். துருக்குழிக்குள் தங்கநிறம் தேங்கியிருந்தால் அது பெயின்ட்.

பிடி மாற்றப்பட்டாலே வாள் போலி என்று பலர் நினைப்பது தவறு, நல்ல அலகுக்குப் புதுப் பிடி போடுவது அந்தக் காலத்திலேயே சாதாரணம்.