பயமும் வேண்டும், தூக்கமும் வேண்டும்

கேள்வி: கண்பார்வை மங்கிய என் மாமியாருக்குப் பேய்க்கதை என்றால் உயிர். எங்கள் வீட்டில் ஒருவர் காட்பாடி ரயில் சந்திப்பில் இரவுப்பணி பார்க்கிறார். இரவில் மொட்டை மாடியில் நான் படித்துக் காட்ட, தூக்கத்தைக் கெடுக்காத, பெயர்பெற்ற பழைய கதைகள் எவை?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: பெயர்பெற்றது என்பதற்காகவே ஒரு கதையைக் கையில் எடுத்துவிடாதீர்கள் அம்மா. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’ மிகப் புகழ்பெற்ற கதைதான்; ஆனால் இயந்திரத்தில் சிக்கி மாண்ட மகன் திரும்பி வரவேண்டும் என்று துடிக்கும் தாயின் கதையை, பிள்ளை வளர்த்த ஒரு முதியவருக்குப் படுக்கப்போகும் நேரத்தில் படித்துக் காட்டலாமா? புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைத் தமிழின் தலைசிறந்த பேய்க்கதை என்பேன், அதைப் பகலில் நீங்கள் மட்டும் படியுங்கள். ரயில் விபத்தை முன்கூட்டியே உணர்த்தும் உருவத்தைப் பற்றி டிக்கன்ஸ் 1866இல் எழுதிய ‘சிக்னல்மேன்’ கதையும், காட்பாடி சந்திப்பில் இரவுப்பணி பார்ப்பவர் உள்ள வீட்டுக்கு ஏற்றதன்று.

பேய் வருகிறதா என்று பார்ப்பதைவிட, கதையில் ஆறாத துயரம் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வகையில் நான் முதலில் பரிந்துரைப்பது ஆஸ்கர் வைல்டின் ‘கேன்டர்வில் பேய்’ (1887). பழைய மாளிகையை வாங்கிக் குடியேறும் அமெரிக்கக் குடும்பத்தினர் பேய்க்குச் சிறிதும் அஞ்சுவதில்லை. நள்ளிரவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் அதனிடம், சத்தம் தாங்கவில்லை, இந்த எண்ணெயைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் ஒரு புட்டியை நீட்டுகிறார். தரையிலுள்ள பழைய இரத்தக்கறையை அவர்கள் துடைக்கத் துடைக்க, பேய் அந்த வீட்டுப் பெண்ணின் வண்ணப்பெட்டியிலிருந்து சாயம் திருடி மீண்டும் பூசுகிறது. சிவப்பு தீர்ந்துபோக, கறை ஒருநாள் பச்சையாகிவிடுகிறது. முடிவை நெருங்கும்போது மனம் நெகிழும், ஆனால் கனக்காது. மொத்தம் ஏழு அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்று போதும்.

சாகியின் ‘திறந்த ஜன்னல்’ சில பக்கங்களே; அதன் முடிவை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். இவற்றுக்கு நடுவே விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவை சுடுகாட்டில் தொடங்கினாலும் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் வந்து நிற்பதால், விக்கிரமாதித்தன் வாய் திறப்பதற்கு முன் உங்கள் மாமியாரின் தீர்ப்பைக் கேட்கலாம். எந்தக் கதையானாலும் நீங்கள் ஒருமுறை பகலில் படித்துப் பார்த்த பிறகே மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள்.