அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பணத்தைச் சபை டியூஷனுக்கு வாங்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மதுரை செல்லூரில் குடியிருக்கிறேன். எங்கள் மெதடிஸ்ட் சபையில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேர இலவச டியூஷன் தொடங்குகிறோம். போதகர் என்னையே பொறுப்பெடுக்கச் சொல்கிறார். பெண்கள் ஐக்கியத்தின் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கும் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் டியூஷனுக்கு மாதம் 20,000 ரூபாய் அனுப்புவதாகச் சொல்கிறார். சபைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்கும் பதிவு கிடையாது. என் ஜிபே எண்ணுக்கே அனுப்பச் சொல்லலாமா? தெரிந்தவர் ஒருவர் தன் டிரஸ்ட் கணக்கில் வாங்கி, 15 சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொல்கிறார். அது சரியா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 15 சதவீத ஆளை இனி வீட்டுப் படியேற விடாதீர்கள். அவர் செய்வதாகச் சொல்வது உதவியே இல்லை, சட்ட மீறல். வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டம் 2010-இல் வந்தது. 2020 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு, பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும், எந்த ஆளுக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. முன்பு, வாங்குகிறவருக்கும் பதிவு இருந்தால் கொடுக்கலாம் என்று இருந்தது. அந்தப் பழைய கதையைச் சொல்லித்தான் இவர்கள் இன்னமும் சின்னச் சபைகளைச் சுற்றி வருகிறார்கள்.

இவர்கள் மீதிப் பணத்தை எப்படித் தருவார்கள் தெரியுமா? ரொக்கமாக. கூடவே ஒரு வவுச்சர் நீட்டுவார்கள். மேலே அவர்களுடைய டிரஸ்ட் பெயர் அச்சடித்திருக்கும். ‘பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிய வகையில்’ என்று பேனாவால் எழுதியிருக்கும். எந்தக் கடை என்று இருக்காது, பில் எண் இருக்காது. தொகை மட்டும் முழுசாக 20,000 என்று இருக்கும். உங்கள் கையில் வந்தது 17,000. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டது நீங்கள். நாளைக்கு உள்துறை அமைச்சகத்திலிருந்து விசாரணை வந்தால் அந்த மூவாயிரத்துக்கு யார் பதில் சொல்வது? இந்தச் சட்டத்தை மீறினால் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைதானே, நல்ல காரியத்துக்குத்தானே செய்தார் என்றெல்லாம் அங்கே பார்க்க மாட்டார்கள்.

இதே ஆட்கள் இன்னொரு தூண்டிலும் வைத்திருப்பார்கள். “டெல்லியில் ஆள் இருக்கு, உங்க சபைக்கே தனிப் பதிவு வாங்கித் தர்றேன், இரண்டு லட்சம் ஆகும்” என்பார்கள். வாங்கித் தர முடியாது. விண்ணப்பமும் கட்டணமும் இணையத்தில் நேராக உள்துறை அமைச்சகத்துக்குப் போகிறவை, நடுவில் ஆளுக்கு வேலையே இல்லை. அமைப்பு ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் டியூஷனுக்கு அண்ணன் மூன்று வருடம் விடாமல் அனுப்பினாலும் ஏழு லட்சத்துச் சொச்சம்தான் வரும். இந்த வரம்பு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பெரிய நிறுவனங்கள் ஆடிட்டர், வக்கீல் என்று வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகின்றன. முப்பது பிள்ளைகளுக்குச் சுண்டலும் நோட்டும் கொடுக்க நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். சரி, பதிவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பணம் முதலில் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்து, அரசே கெடுவுக்கு மேல் கெடு நீட்டித்ததை எல்லோரும் பார்த்தோம். நேர்மையாக நடப்பவரை இவ்வளவு அலைக்கழித்தால் புரோக்கருக்கு ஏன் பிழைப்பு நடக்காது?

அப்படியானால் அண்ணன் பணத்தை விட்டுவிடுவதா? அவசரப்படாதீர்கள். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதைத்தான் பார்க்கிறது. இதை வங்கிக் கிளைகளில் இருப்பவர்களே பல சமயம் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அண்ணன் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாரா? வேலை விசாவில் இருந்தாலும் சரி, கிரீன் கார்டு வாங்கியிருந்தாலும் சரி, அவர் இந்தியக் குடிமகன்தான். கிரீன் கார்டு என்பது அங்கே தங்கும் உரிமை, குடியுரிமை அல்ல. அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சபை எந்தப் பதிவும் இல்லாமல் வாங்கலாம். அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இது என் சொந்தச் சேமிப்பு’ என்று ஒரு கடிதமும் எழுதி வாங்குங்கள். இங்கே அவர் பெயரில் இருக்கும் என்.ஆர்.ஐ. கணக்கிலிருந்து சபைக் கணக்குக்கு மாற்றச் சொன்னால் இன்னும் தெளிவு.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாரா? கதை வேறு. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறாரே என்பீர்கள். அது ஆயுள் விசா மாதிரி. அதை வைத்திருப்பவர் சட்டப்படி வெளிநாட்டவர், அவர் பணம் வெளிநாட்டுப் பணம். லீவுக்கு ஊருக்கு வந்து ஏ.டி.எம்.மில் ரூபாயாக எடுத்துக் காணிக்கைப் பையில் போட்டாலும் அதுதான் நிலை. நோட்டில் காந்தி படம் இருப்பதால் அது இந்தியப் பணமாகிவிடாது.

இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் இரண்டு இடத்தில் கால் இடறும். அண்ணன் அங்கே போகும் சபையில் நாலு பேரிடம் வசூல் செய்து, தன் கணக்கு வழியாக அனுப்பினால் அது அவருடைய சேமிப்பு இல்லை. அதேபோல், “நான் கொடுப்பதற்குச் சமமாக என் கம்பெனியும் கொடுக்கும்” என்று சொன்னால் அந்தக் கம்பெனி கொடுக்கும் பணத்தைத் தொடவே கூடாது.

“கூடப் பிறந்தவர் தங்கைக்கு அனுப்பத் தடையில்லையே” என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். உண்மைதான், உறவினர் அனுப்புவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் வீட்டுச் செலவுக்கு, மருந்துச் செலவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாசல் வழியாகச் சபைக்குப் பணம் கொண்டுவராதீர்கள்.

அண்ணன் அமெரிக்கக் குடிமகனாகியிருந்தால் ஒரு நேர்வழி இருக்கிறது. உள்ளூர்ச் சபைகள் பெரும்பாலும் தனியாகப் பதிவானவை அல்ல, மேல் அமைப்பின் ஓர் அங்கமாகத்தான் இருக்கும். மதுரையில் எங்கே பார்த்தாலும் சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபைதான் என்பதால் பலர் அந்தத் திருமண்டல அலுவலகத்தைப் போய்க் கேட்கிறார்கள். அங்கே போய்ப் பயனில்லை. பிரிட்டிஷ் வழி வந்த தென்னிந்திய மெதடிஸ்டுகள் 1947-இல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்துவிட்டார்கள். சேராமல் நின்ற அமெரிக்க வழிச் சபைகள் 1981-இல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றன. உங்கள் சபை அதைச் சேர்ந்ததென்றால், போதகர் மூலம் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். மேல் அமைப்பிடம் நடப்பில் பதிவு இருந்து, உங்கள் டியூஷனைத் தன் சொந்தத் திட்டமாக ஏற்று, அதுவே பணத்தை வாங்கி அதுவே செலவழித்தால் தவறில்லை. பதில் வர மாதங்கள் ஆகலாம். ஆகட்டும். அதுவரை அண்ணன் வாரம் ஒருநாள் வீடியோவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரட்டுமே. நேரத்தைக் கொடுப்பதற்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது.

அடுத்து, உங்கள் ஜிபே. எக்காரணம் கொண்டும் வேண்டாம், அண்ணன் பணமானாலும் உள்ளூர்ப் பணமானாலும். இன்று அண்ணன் அனுப்புவார். நாளை அதே எண்ணுக்கு உங்கள் பழைய மாணவர்கள் அனுப்புவார்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்துவிட்டால் அது முழுவதும் உங்கள் வருமானம் என்று வருமான வரித் துறை எடுத்துக்கொள்ளும். பென்ஷனோடு சேர்த்து நீங்கள் வரி கட்டுவீர்கள். போதகரின் சொந்தக் கணக்கும் வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் மெதடிஸ்ட் முறையில் போதகரை நியமிப்பதும் மாற்றுவதும் பேராயர். மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் அவரோடு அந்தக் கணக்கும் ஊரைவிட்டுப் போகும். பிள்ளைகள் நோட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

சபைப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அதில் டியூஷனுக்கென்று தனித் தலைப்பு. இதைக் கமிட்டித் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். ரசீதுப் புத்தகம் வரிசை எண் அச்சடித்ததாக இருக்கட்டும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். குறுக்கே கோடு போட்டு, ‘ரத்து’ என்று எழுதி, கார்பன் நகலோடு சேர்த்துப் புத்தகத்திலேயே பின் குத்தி வையுங்கள். கணக்குத் தணிக்கையில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது விட்டுப்போன எண்ணைத்தான்.

கணக்குக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று சபையில் யாராவது முகத்தைச் சுளித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். மெதடிஸ்டுகளின் ‘வகுப்புக் கூட்டம்’ என்கிற சிறு குழு முறையே 1742-இல் பிரிஸ்டலில் ஒரு கட்டடக் கடனை அடைக்கப் பிறந்ததுதான். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அந்தத் தலைவர் வாரந்தோறும் பணத்தைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743-இல் எழுதிய பொது விதிகளிலேயே இருக்கிறது.

டியூஷனைப் பற்றி இரண்டு வார்த்தை. எந்த நேரத்திலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், ஹால் கதவு திறந்திருக்க வேண்டும். அண்ணன் வீடியோவில் பேசும்போதும் அப்படித்தான். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடப்பதாகத் தெரிந்தால், சபைக்குள் பேசி முடிக்கக் கூடாது. காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். 1098-க்கும் போன் செய்யலாம். பிள்ளைகளை இரவு தங்கவைக்கும் யோசனை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், அது விடுதி ஆகிவிடும், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ‘ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன், பிள்ளைகள் போட்டோவும் அப்பா இல்லாத பிள்ளைகள் விவரமும் அனுப்புங்கள்’ என்று யாராவது கேட்பார். 15 சதவீதம் கேட்டவரே கேட்கலாம். ஒரு படம்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி ஊழியத்துக்குத் தாராளமாகப் போங்கள். அதில் பணத் தொல்லை இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு எந்தக் கட்டடத்தில் ஸ்கேன் என்பதே தெரியாது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருட வருமானம் 1,20,000-க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வா என்று சொல்லி அனுப்புவார்கள். நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டு, துணைக்கு வந்த பெண் எந்தப் பஸ் பிடித்து எந்த ஊருக்குப் போவாள்? அவள் திரும்பும்வரை அந்தக் கட்டில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய ஊழியம். ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் சபைக் கடிதத்தோடு முன்அனுமதி வாங்குங்கள், துண்டுப் பிரசுரங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாரம் ஒரு காலை வேளை போதும். மாலையில் டியூஷன் இருக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.