சி++ ஸ்ட்ரிங்: லூப்புக்குள் அசைன் செய்வது ஏன் இழுக்கிறது

லூப் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு வரியிலிருந்தும் சப்ஸ்ட்ர் (substr, ஸ்ட்ரிங்கின் ஒரு பகுதியை வெட்டித் தரும் ஃபங்ஷன்) மூலம் ஒரு துண்டை எடுத்து, லூப்புக்கு வெளியே உள்ள ஒரே ஸ்ட்ரிங்கில் சமக்குறி போட்டு வைக்கிறீர்கள். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் (perf) கருவியில் மல்லாக்கும் (malloc, நினைவகம் கேட்பது) ஃப்ரீயும்தான் (free, அதைத் திருப்பித் தருவது) மேலே நிற்கின்றன என்கிறீர்கள். காரணம் சமக்குறி அல்ல, சப்ஸ்ட்ர். அது புதிய ஸ்ட்ரிங் ஒன்றைக் கட்டுகிறது. அதன் பஃபர் (எழுத்துகள் இருக்கும் நினைவகம்) உங்கள் ஸ்ட்ரிங்குக்கு மாற, ஏற்கெனவே இருந்த பஃபர் தூக்கி எறியப்படுகிறது. ஆக, சுற்றுக்கு ஒரு மல்லாக், ஒரு ஃப்ரீ.

சப்ஸ்ட்ரை விட்டுவிட்டு அசைன் ஃபங்ஷனையே நேரடியாகக் கூப்பிடுங்கள்: மூல ஸ்ட்ரிங், தொடக்க இடம், நீளம் என மூன்றையும் கொடுங்கள். இருக்கும் கெப்பாசிட்டி (பஃபரின் கொள்ளளவு) போதுமானால் பைட்டுகளை நகலெடுப்பதோடு வேலை முடிந்தது. லூப்புக்கு முன் ஒரு ரிசர்வ் 256 போட்டு அவ்வளவு இடத்தை முன்கூட்டியே ஒதுக்கலாம்.

துண்டுகள் 15 பைட்டுக்குள் அடங்கினால் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். ஜிசிசியிலும் விஷுவல் சி++-இலும் அந்த அளவு ஸ்ட்ரிங் ஆப்ஜெக்டுக்குள்ளேயே அடங்கிவிடும், மல்லாக் தேவையில்லை. கிளாங்கின் லைப்ரரியான லிப்சி++-இல் 64 பிட்டில் 22 வரை. ஆனால் யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் 'வணக்கம்' என்பதே 7 குறியீடு, 21 பைட்! ஜிசிசியில் அதற்கே மல்லாக் ஓடும்.

லூப்புக்கு வெளியே உள்ள அந்த ஸ்ட்ரிங்கை வெக்டாருக்குள் மூவ் (நகலெடுக்காமல் மாற்றுவது) செய்தால் பஃபரும் கூடவே போய்விடும், ரிசர்வ் வீண். வாசிக்க மட்டும்தான் என்றால் சி++17-இன் ஸ்ட்ரிங் வியூ போதும்; அது நகலெடுக்காமல் மூல வரியையே சுட்டும். அதனால் மூல வரி மாறும் முன் பயன்படுத்திவிடுங்கள். வேகத்தை, கம்பைலருக்கு ஓ2 (-O2, ஆப்டிமைசேஷன்) போட்டு அளந்து பாருங்கள்.