எழுதி வைத்த சுதந்திரமும் ஸ்டேஷன் வாசலும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் உள்ளே வைக்கிறார்களே, அரசியல் சாசனம் இதை எப்படி அனுமதிக்கிறது?
– சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

அனுமதி சாசனத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் வேதனை. 22-வது பிரிவைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைக் கலந்து பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது முதல் பாதி. தடுப்புக்காவலில் (இனிக் குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே அடைப்பது) வைக்கப்பட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்கிறது மறு பாதி. காரணத்தைப் பிறகு எழுதிக் கொடுத்தால் போதும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க அறிவுரைக் கழகத்தின் (உயர் நீதிமன்ற நீதிபதி ஆகும் தகுதி உள்ளவர்களைக் கொண்ட குழு) ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது.

சாசனம் அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26. அடுத்த மாதமே தடுப்புக்காவல் சட்டம் வந்துவிட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதற்கும் முன்பிருந்தே, 1947 டிசம்பர் முதல், சென்னை மாகாணச் சிறைகளில் இருந்தார். அவர் மீதான தண்டனைகள் ரத்தாகியும் வெளியே விடவில்லை. 1950 மார்ச் 1 அன்று சிறைக்குள்ளேயே புதிய காவல் உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படிதான் அடைத்திருக்கிறார்கள், அந்தச் சட்டம் நியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்ற முடிவுக்கு வந்தது. நீதிபதி பசல் அலி இதை ஏற்கவில்லை. நோட்டீஸ், விசாரணை, நடுநிலையான தீர்ப்பாயம் ஆகியவை இல்லாமல் ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்று தனியாக எழுதினார். 28 ஆண்டுகள் கழித்து, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் 22-வது பிரிவின் மறு பாதி அப்படியே நிற்கிறது.

அதன் நிழலில்தான் தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டுக் குண்டர் சட்டமும் நிற்கிறது. கள்ளச்சாராயம், ரவுடித்தனம் என்று தொடங்கிய பட்டியல் திருட்டு வீடியோ, மணல் கடத்தல், இணையக் குற்றம் என்று நீண்டுகொண்டே வந்திருக்கிறது. அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போட்டால், தமிழாக்கம் தரவில்லை, நகல் தெளிவாக இல்லை, கைதி அரசுக்குக் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள் என்று எத்தனையோ உத்தரவுகள் ரத்தாகின்றன. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களை யாரும் திருப்பித் தருவதில்லை.

எமர்ஜென்சி மாதிரி இன்னொரு முறை நடந்தால் கோர்ட் காப்பாற்றுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

அன்று காப்பாற்றவில்லை. மிசா என்ற அன்றைய தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மறுத்தது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் இல்லையா என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் அவர் கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றே பதில் வந்தது. மறு வருடம் கன்னாவின் மூப்பைத் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

இன்று நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 1978-ன் 44-வது திருத்தத்தால் நெருக்கடி நிலையிலும் 20, 21-வது பிரிவுகளை முடக்க முடியாது; உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பு தருவது இந்த 21-தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1976 தீர்ப்பையும் தவறு என்று சொல்லிக் குப்புறத் தள்ளியது. அந்தப் பகுதியை எழுதிய டி.ஒய். சந்திரசூட்டின் தந்தை ஒய்.வி. சந்திரசூட், 1976-ல் அந்த நால்வரில் ஒருவர்.

என் கவலை வேறு. இப்போது ஒருவரை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்க எமர்ஜென்சி தேவையே இல்லை. உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவு போதும். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் தரக் கூடாது என்கிறது அது.

ஸ்டேஷனிலிருந்து போன் செய்து "வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். போயே ஆக வேண்டுமா?
– மளிகைக் கடைக்காரர், ஈரோடு

எழுத்து மூலம் நோட்டீஸ் கேளுங்கள். உங்கள் மேல் புகார் என்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சட்டம்) 35(3)-ன் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்துவிட்டால் கட்டாயம் போங்கள், போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். சாட்சியாகக் கூப்பிட்டால், பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். கைது என்று சொன்னால், என்ன காரணம் என்று கேளுங்கள். அதைச் சொல்லாத கைது சட்டப்படி செல்லாது.

ஃபேஸ்புக் பதிவுக்கு 66ஏ-வில் கேஸ் போடுவேன் என்று ஒருவர் மிரட்டுகிறார்.
– வாசகி, சேலம்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. ஆனால் மத வெறுப்பு, அவதூறு போன்ற மற்ற பிரிவுகள் உயிரோடுதான் இருக்கின்றன. பதிவைக் கொண்டுபோய் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இந்த நாடு இனி எந்தத் திசையில் போகும் என்று நினைக்கிறீர்கள்?
– ஐ.டி. ஊழியர், சென்னை

தீர்ப்புகளை மட்டும் படித்தால் சுதந்திரம் விரிந்துகொண்டே போகிறது. சிறைக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் சொத்து காட்டுகிற ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களும் அதில் உண்டு. பி.என்.எஸ்.எஸ். 479 அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், இப்போது சாட்டப்பட்ட குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பல வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. மனு போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. உங்கள் உறவினர் யாராவது உள்ளே இருந்தால் இன்றே அதை எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே 44-வது திருத்தம், அறிவுரைக் கழகம் பார்க்காமல் தடுப்புக்காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. கழகத்தின் உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே நியமிக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றம் 1978-ல் நிறைவேற்றிய அந்த ஒரு பகுதியை மட்டும், எந்தக் கட்சி ஆண்டபோதும், மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவரவே இல்லை. அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.