உலோகத்தைக் காற்று என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

"சீன மருத்துவம் சொல்லும் ஐந்து மூலகங்களும் நம் பஞ்சபூதங்களும் ஒன்றுதானே, பெயர்தானே வேறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல. நீங்கள் அக்குபஞ்சர் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருப்பீர்கள் என்றும், அங்கே கொடுத்த குறிப்பேட்டில் நுரையீரலுக்கு நேரே காற்று, கல்லீரலுக்கு நேரே ஆகாயம் என்று இருப்பதைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். என் குறிப்பேட்டிலும் அப்படித்தான் இருந்தது.

நான் பட்டயப் பயிற்சியில் இருந்தபோது, ஐந்து மூலகங்களில் எது எதை அடக்கும் என்று காட்டும் 'கட்டுப்படுத்தும் சுழற்சி'யை ஆசிரியர் பலகையில் வரைந்து, நுரையீரல் கல்லீரலைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னார். காற்று எவ்வாறு ஆகாயத்தைக் கட்டுப்படுத்தும் என்று எழுந்து கேட்டேன். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தேர்வுக்கு அது போதும் என்று சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார். பணம் கட்டிப் படிக்க வந்தவர்களிடம் இப்படிப் பேசலாமா என்ற வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

விடை மிக எளியது என்பதைப் பிறகு நானே படித்துத்தான் அறிந்தேன். சீன மூலத்தில் அந்த ஐந்தும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்; அதில் நுரையீரல் உலோகம், கல்லீரல் மரம். கோடரி மரத்தை வெட்டுகிறது, அவ்வளவுதான். நுரையீரலுக்கு உரிய உணர்ச்சி துயரம், கல்லீரலுக்கு உரியது சினம். அதனால்தான் துயரம் சினத்தை வெல்லும் என்று பழைய சீன மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங் சொல்கிறது. உலோகத்தை எடுத்துவிட்டுக் காற்றை வைத்தால் இந்தத் தொடர்பு முழுவதும் அறுந்துபோகிறது.

இதன் வேர் மருத்துவத்தில் இல்லை, மெய்யியலில் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோ யான் என்ற அறிஞர், அரச மரபுகள் ஒன்றையொன்று வீழ்த்தி எழுவதை இந்த ஐந்தைக் கொண்டு விளக்கினார்: மரத்துக்கு உரிய சியா மரபை உலோகத்துக்கு உரிய ஷாங் மரபு வென்றது, அதை நெருப்புக்கு உரிய சோ மரபு வென்றது. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர், நெருப்பை அணைக்கும் நீரைத் தம் ஆட்சிக்கு உரியதாக ஏற்றார். இந்த ஐந்தையும் குறிக்கும் 'சிங்' என்ற சீனச் சொல்லுக்கு நடத்தல், செல்லுதல் என்பதே பொருள். நம் பூதங்கள் உடல் எதனால் ஆனது என்பதைச் சொல்கின்றன. சீனர்களின் ஐந்தோ, ஒன்று இன்னொன்றாக மாறிச் செல்லும் இயக்கத்தைச் சொல்கின்றன.

சின் மரபுக்குப் பின் வந்த ஹான் மரபின் காலத்தில் உருப்பெற்ற நெய்ஜிங்கில் உடலே ஒரு பேரரசாகிவிடுகிறது. அதில் இதயம் அரசர், நுரையீரல் அமைச்சர், கல்லீரல் படைத்தலைவர். நாட்டின் 12 ஆறுகளுக்கு ஈடாக உடலில் சக்தி ஓடும் 12 பாதைகளும், ஆண்டின் நாள்களுக்கு ஈடாக ஊசி குத்தும் 365 புள்ளிகளும் சொல்லப்படுகின்றன. ஆனால் 1973இல் சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில் தோண்டிய, கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் பாதைகள் 11தான். அவற்றில் ஊசி சிகிச்சை இல்லை, மூலிகையை எரித்துச் சூடு வைப்பதுதான் இருக்கிறது. யின், யாங் என்று சீனர்கள் சொல்லும் எதிரெதிர் இணையில் யின்னுக்கு ஆறு, யாங்குக்கு ஆறு என்று சமன் செய்ய வேண்டும் என்ற எண்ணமே 12ஆவது பாதையைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதைப் படிப்பவர்கள், நான் அக்குபஞ்சரைப் பொய் என்கிறேன் என்றோ சித்த மருத்துவத்தைத் தாழ்த்துகிறேன் என்றோ எண்ண வேண்டாம். ஊசியால் நோய் தீருமா என்பது ஆய்வுகள் சொல்ல வேண்டியது. நான் பேசுவது கோட்பாடு எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே. நம் பஞ்சபூதக் கோட்பாட்டுக்குத் தனக்கென ஓர் ஒழுங்கு உண்டு. அதைச் சீன அட்டவணையின் மேல் ஒட்டும்போது இரண்டுமே குலைந்துபோகின்றன.

உங்கள் குறிப்பேட்டில் காற்று என்று இருக்கும் இடத்தில் உலோகம் என்றும், ஆகாயம் என்று இருக்கும் இடத்தில் மரம் என்றும் எழுதிவிட்டு அந்தச் சுழற்சியை மறுபடி வரைந்து பாருங்கள்.