90 நாளில் முடி முளைக்கும் என்ற எண்ணெய்: காசைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வயது 34, உப்புவெளியில் இருக்கிறேன். இரண்டு வருடமாக உச்சியில் முடி ஐதாகிறது, நெற்றியும் இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. பேஸ்புக் விளம்பரம் பார்த்து ஒரு மூலிகை எண்ணெய் எடுத்தேன். 90 நாளில் முடி முளைக்கும், இல்லையென்றால் காசு திரும்பத் தருவோம் என்று போட்டிருந்தார்கள். கூரியரில் வந்தது, வாசலில் வைத்தே காசு கொடுத்தேன். இரண்டு மாதமாகியும் ஒன்றையும் காணோம். விற்றவரைக் கேட்டால், 'மூன்று மாதமும் முழுதாகப் பாவித்துப் பாருங்கள்' என்கிறார். பொறுத்திருக்கவா? இதை விட்டால் வேறு எதை வாங்கலாம்?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். இந்த வாரமே முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி பொருள் இல்லை என்ற முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விற்றவர் உங்களைக் காத்திருக்கச் சொல்லும் 90 நாளும் ஏறக்குறைய அதே மூன்று மாதம்தான். அவர் சொன்னபடி கடைசி நாள்வரை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால், கேட்கப் போகும்போது கெடு முடிந்திருக்கும். அவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, நட்டம் உங்களுக்கு.

முதலில் அந்த விளம்பரத்தைத் திகதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இப்படியான பக்கங்கள் பெயர் மாற்றிக்கொண்டு போய்விடும். கூரியர் துண்டையும் அவரோடு பேசிய மெசேஜ்களையும் அழிக்காதீர்கள். அப்புறம் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உச்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் அடர்த்தியான முடியோடு ஒருவர் படம், பின்பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் இலக்கம் மட்டும் என்றால், அதையும் முறைப்பாட்டில் சேருங்கள். எங்கே கொடுப்பது என்பதை அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

சரி, வேறு எதை வாங்கலாம்? நீங்கள் சொல்வது ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை போலத்தான் இருக்கிறது. டிஹெச்டி என்ற ஹோர்மோன் முடியின் வேர்ப்பையைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் முடி முந்தியதைவிட மெல்லியதாக, கட்டையாக வரும். எண்ணெய் வெளியே தெரியும் முடியை மினுக்கும், உடையாமல் காக்கும். வேருக்குள் நடக்கும் இந்தச் சுருக்கத்தை அது நிறுத்தாது.

பூசுகிற மருந்துகளில் நல்ல ஆதாரம் உள்ளது மினொக்சிடில். பாமசியில் கேட்க முன்பு ஒரு கணக்குப் போடுங்கள். 5 வீதத் திரவம் ஒரு வேளைக்கு 1 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு வேளை. 60 மில்லிலீற்றர் போத்தல் 30 நாளில் முடிந்துவிடும். ஒரு போத்தலின் விலையைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அந்தத் தொகையை வருடா வருடம் கொடுக்க முடியாது என்றால் முதல் போத்தலையும் வாங்காதீர்கள். பலன் தெரியவே நான்கு மாதமாவது வேண்டும், எல்லாருக்கும் தெரியும் என்றும் இல்லை. நிறுத்தினால், வந்த முடியும் சில மாதத்தில் போய்விடும். தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து பாதிப் போத்தலோடு கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். இருதய வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. பூசிய கையைக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம், இந்த மருந்து பூனைக்கு நஞ்சு.

வழுக்கைக்குக் கொடுக்கும் பினாஸ்டரைட் என்ற குளிசையை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். தாம்பத்தியத்தில் சிக்கல் வர இடமுண்டு, வைத்தியரோடு கதைத்துத்தான் தொடங்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை. எதை வாங்குவதற்கும் முன்பு அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 22 வயது. டெங்கு வந்து மூன்று மாதமாகிறது. தலை சீவினால் சீப்பில் கொத்தாக முடி வருகிறது. எங்கள் கிணறு உவர். குளியலறைக் குழாய்க்கு ஒரு வடிகட்டி வாங்கிப் பூட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்)

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டுவது வழக்கம். உடம்பு அடிபட்ட நேரத்தில் பல முடிகள் ஒன்றாக ஓய்வுக்குப் போய், பிறகு ஒன்றாக உதிர்கின்றன. வேர் சாகவில்லை, பெரும்பாலும் சில மாதத்தில் தானாகவே திரும்பி வரும். உவர்த் தண்ணீரில் ஷாம்பூ நுரைக்காது, முடி முரடாகும், ஆனால் வழுக்கை விழாது. குழாய்த் தண்ணீர் இருந்தால் கடைசி ஒரு வாளியை அதில் ஊற்றச் சொல்லுங்கள், போதும். முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற விற்றமின் குளிசையும் தேவையில்லை. ஏற்கெனவே போடுகிறார் என்றால் இரத்தப் பரிசோதனைக்கு முன்பு சொல்லிவிடுங்கள், தைரொயிட் போன்ற சில முடிவுகளை அது பிழையாகக் காட்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் கொட்டினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் கலியாணம். உச்சியில் தோல் தெரிகிறது. தலையில் தூவும் முடித்தூளை வாங்கலாமா?

பதில்: படத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்களுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். முகூர்த்தம் முடிந்து அதைக் கழற்றும்போது தூள் துணியில் ஒட்டிவரும், வியர்வையில் நெற்றியிலும் இறங்கும். பின்னேர வரவேற்புக்கு மட்டும் என்றால் சிறிய டப்பா வாங்கி, ஒருநாள் முன்கூட்டியே வீட்டில் தூவி, வெயிலில் நடந்து பாருங்கள். காசை நல்ல சலூனுக்குக் கொடுப்பது அதைவிடப் பிரயோசனம். பக்கங்களை நன்றாகக் கட்டையாக்கி, மேலே கொஞ்சம் நீளம் விடச் சொல்லுங்கள். பல்லுக் கத்தரிக்கோலால் உச்சியை ஐதாக்க விடாதீர்கள். அன்று தேங்காயெண்ணெயும் ஜெல்லும் வேண்டாம், இரண்டுமே முடியைக் கற்றை கற்றையாக ஒட்டவைத்து இடையில் தோலைக் காட்டும். மினுக்கமில்லாத வக்ஸ் பயறளவு எடுத்து, விரலில் தேய்த்து, காய்ந்த முடியில் தடவினால் போதும். முடியைக் கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள், ஏதும் பிழைத்தால் திருத்த நேரம் இருக்கும்.