பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்றால் வீட்டுச் செலவு எதற்கு?

"நாங்கள் வயல் செய்பவர்கள். மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள். படிப்பு இலவசம், மகாபொல உதவித்தொகையையும் கூட்டிவிட்டார்கள். இனி எங்கள் கையிலிருந்து செலவு வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அண்ணா.

வரும். முதல் சில மாதங்களுக்கு முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் போகும். எங்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பின் படுவான்கரையில். தங்கை 2023இல் தூர மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தெரிவானாள். விரிவுரைக்கென்று ஒரு சதம் கேட்கவில்லை, அது உண்மை. ஆனால் விடுதியில் இடமில்லை என்றார்கள். வெளியே ஓர் அறையில் நான்கு பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், மூன்று மாத வாடகை முற்பணம். மதியச் சோற்றுப் பார்சல் 250 ரூபாய். அவளுக்குக் கிடைத்தது மகாபொல அல்ல, பர்சரி என்ற இன்னோர் அரச உதவித்தொகை, மாதம் 4,000. பதினாறு பார்சலுக்குத்தான் காணும், வாடகைக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பணமும் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது.

வேளாண்மை வெட்ட இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அம்மா கிணற்றடியில் குந்தி, சவர்க்காரம் போட்டுக் காப்பைக் கழற்றினார். இருபது வருடமாகக் கழற்றாத காப்பு. மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாகத் தடம் தெரிந்தது. அன்று பின்னேரமே அப்பா அதை அடகு வைத்துவிட்டு வந்தார்.

2025 பெப்ரவரியில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. மனதார வரவேற்கிறேன். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டபோதும் அந்தப் பழைய தொகைதான் கொடுக்கப்பட்டது. அரிசியும் பஸ் கட்டணமும் ஏறி முடிந்து மூன்று வருடம் கழித்துத்தான் உதவித்தொகை ஏறியது. இடையில் படித்த பிள்ளைகளின் பற்றாக்குறையை அவரவர் வீடுதான் சுமந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு என்று இரண்டு உண்டு. சம்பளமும் மின்கட்டணமும் முதலாவதில் அடங்கும். விடுதி கட்டுவது இரண்டாவது. நாட்டுக்குப் பணமுடை வந்தால் சம்பளத்தில் கைவைக்க முடியாது, ஆகவே முதலில் கட்டடத்தைத்தான் நிறுத்துவார்கள். விடுதி எழும்பாமல் நின்றால் அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. அறை வாடகையாக உருமாறி உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். மகாபொலத் தொகை செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வருகிறது, விடுதிக்கு ஒதுக்கியதை யாரும் வாசிப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நான் வீட்டுக்குக் கிட்ட, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தவன். என் நான்கு வருடச் செலவு தங்கையின் ஒரு வருடச் செலவுக்கும் வராது. 1981இல் மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, அது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1995இல் தொடங்கியதுதான் இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இந்தப் பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு எந்த உதவித்தொகையையும்விட இவை இரண்டும் செய்த உதவி பெரிது என்று நான் நம்புகிறேன். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதத்தைக் கல்விக்குக் கேட்டார்கள். இன்றும் நாம் அதற்குக் கிட்டவும் போகவில்லை. அந்தக் கோரிக்கையைச் சம்பளச் சண்டை என்று ஒதுக்கியவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு.

உங்கள் மகளுக்கு வருவோம். விடுதி விண்ணப்பத்தில் ஊரின் தூரத்தையும் பஸ் மாறும் இடங்களையும் விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றை இப்போதே எடுத்துவிடுங்கள். உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று கணக்குப் போட்டு யாரிடமும் கடன்படாதீர்கள். இந்தப் போகத்து நெல் முழுவதையும் களத்திலேயே கொடுத்துவிட வேண்டாம். பத்து மூட்டையாவது வீட்டில் கிடக்கட்டும். வாடகை கட்ட வேண்டும் என்று அவள் போன் எடுக்கும் அன்று விற்கலாம்.